விதைநெல் அறை

சாய்ந்தமருது

அன்பின் மச்சான் சாஜித்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கத்தார் வெயில் உன்னை வாட்டாமலிருக்க வேண்டுகிறேன்.

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில், நம் மகள் றுஸ்னாவைப் பெண் கேட்டு வந்த மனிதரிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

எல்லாம் உன் யோசனைப்படிதான் செய்தேன். என் பட்டறையில் மோட்டார் சைக்கிள் பாகங்களுக்கு நிக்கல் முலாம் பூசிக் கழுவிய தண்ணீரில் சுண்ணாம்பு கரைத்து ஊற்றினால், நிக்கல் பச்சைச் சேறாய்ப் பீப்பாயின் அடியில் படிகிறது. தண்ணீரை விட்டுப் போய்விடும் என்றாய். எங்கே போகும் என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காய்ந்த சேறு இன்றைக்கு முப்பத்தொரு மூடை. பழைய நெல் சாக்குகளில் கட்டி, றுஸ்னாவுக்குச் சீதனமாய் எழுதிக் கொடுத்து, மாப்பிள்ளை குடிவரப்போகும் இந்த வீட்டின் பெரிய அறையில் அடுக்கியிருக்கிறேன்.

குப்பை ட்ராக்டர்காரர், "இத ஏத்தினா என்ட வேல போயிரும் றாஸிக் காக்கா" என்று விலகிக்கொண்டார். சுற்றாடல் அதிகாரியோ, இது நஞ்சுக் கழிவு, அனுமதி பெற்றவர்கள் வந்து எடுக்கும்வரை கூரைக்குக் கீழே வைத்திருக்கச் சொன்னார். அவர்கள் கொழும்பிலிருந்து வர ஒரு லொறி நிறைய வேண்டுமாம். நான் பூசுகிற வேகத்தில் அதற்குள் றுஸ்னா பேரப்பிள்ளை கண்டுவிடுவாள்.

போன கிழமை மாவடிப்பள்ளியிலிருந்து மாப்பிள்ளையின் வாப்பா, வயல்காரர் அப்துல் ஸமட் வீடு பார்க்க வந்தார். பூட்டிய அறையைத் திறக்க வேண்டியதாயிற்று. "என்ன மச்சான், இவ்வளவு மூட?" என்றார். என் வாய் தானாக, "விதைநெல்" என்றது. வயல் வரம்பில் கால் வைத்தறியாதவன் நான். அவர் சாக்கைத் தொடப்போக, மருந்து போட்டிருக்கிறது என்று இரண்டாவது பொய்யையும் சொன்னேன். அதுதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கம். மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நீங்க நம்மட ஆள். இந்தப் போகத்துக்குப் பத்து மூட தாங்க" என்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய ட்ராக்டரோடு வருகிறார்.

கொடுத்தால் அவர் வயலில் நஞ்சு. மறுத்தால் நான் கஞ்சன். உண்மையைச் சொன்னால், இப்படி அறையுள்ள வீட்டுக்கு எந்த உம்மா மகனை அனுப்புவாள்? என் வீட்டுக்காரி, உன் ராத்தா ஸம்ஸியா, மூன்று நாளாக எனக்குச் சோற்றை மூடிவைத்துவிட்டுப் போனாள். நேற்றுத்தான் வாய் திறந்தாள்: "சைலன்சருக்குப் பூசினது போதாதெண்டு இப்ப கதைக்கும் பூசுறீங்களா? போய் அவருக்கிட்ட உள்ளதச் சொல்லுங்க."

சொல்லத்தான் போகிறேன். பீப்பாயின் தெளிந்த தண்ணீரை முதலில் காட்டி, சேறு அறைக்குள் இருப்பதால்தான் மண்ணிலும் கிணற்றிலும் இல்லை என்பேன். மற்றது அல்லாஹ்வின் பொறுப்பு. நம் பிள்ளை வாழப்போகிற வீட்டில் மனிதருக்கும் இடம் மிஞ்ச வேண்டுமென்று துஆச் செய்.

இப்படிக்கு,
உன் மச்சான்
றாஸிக்

பி.கு.: சுண்ணாம்பு குறைந்தால் தெளிந்த தண்ணீரிலும் நிக்கல் நிற்கும் என்றாயே, அது போதுமா என்று பார்க்க நீ அனுப்பிய நிறம் மாறும் கடதாசி நோன்பு மாதத்தோடு முடிந்துவிட்டது. அதன்பிறகு தெளிந்ததா என்று கண்ணால் பார்த்துத்தான் தண்ணீரைக் கிணற்றடி வளவுக்குள் விடுகிறேன்.