டீச்சர் வீட்டு நீலக்கோடு

பிப்ரவரி 6

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் பேசினால் பாதியில் யாராவது துணி கொண்டுவந்து விடுகிறார்கள். அதனால் எழுதுகிறேன். என் திட்டத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. நம் தெருவிலேயே செய்யப்போகிறேன்.

கடல் இப்படியே உயர்ந்துகொண்டு போனால் முப்பது வருஷம் கழித்து நம் தெருவில் வெள்ளம் எந்த உயரத்துக்கு நிற்கும் என்று அளந்து, வீட்டுச் சுவர்களில் வெளியிலும் உள்ளேயும் ஒரு நீலக்கோடு போடுவோம். மாலையில் கோட்டுக்குக் கீழே முழுக்க நீல வெளிச்சம் விழும், தண்ணீர்ச் சத்தம் கேட்கும். பார்க்க வருகிறவர்கள் தெருவில் நடந்து வீடுகளுக்குள்ளும் நுழைவார்கள். வீட்டுக்காரர்கள் ஒன்றுமே நடக்காத மாதிரி துணி தேய்த்துக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் இருக்க வேண்டும், கழுத்து வரை நீலத்தில். பருவநிலை மாற்றம் என்று மேடை போட்டுப் பேசினால் யாருக்கும் உறைப்பதில்லை. இது உறைக்கும்.

சர்வேயர் வந்து குறி வைப்பார். சம்மதம் வாங்கித் தர வேண்டியது நீதான். தெருவில் பாதிப் பேர் உன்னிடம் தைத்துத்தான் போட்டுக்கொள்கிறார்கள், உன்னிடம் யார் மாட்டேன் என்பார்கள்?

உன் மகள்

பிப்ரவரி 21

என் கண்ணு,

மெஷினை நிறுத்திவிட்டு உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அம்மா, சாப்பிட்டாயா என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். போகட்டும், பெரிய கலைஞர்களுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்.

சம்மதம் வாங்கியாயிற்று. மளிகைக்கடைக்காரர் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தார், அவர் மனைவி முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டார். போன மழையில் கட்டில் வரை தண்ணீர் ஏறிய வீடுகள்தானே. யாராவது வந்து எங்கள் கதியைப் பார்க்கட்டும் என்று எல்லோருக்கும் இருக்கிறது.

ஒரு சிக்கல். சர்வேயர் கணக்கு டீச்சர் வீட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து மேடாம், எத்தனை வருஷமானாலும் அந்த ஐந்து வீட்டுக்குத் தண்ணீர் வராதாம். டீச்சருக்கு மனசு ஆறவில்லை. "ஊரே வந்து பாக்கும்போது என் வீட்டை மட்டும் தாண்டிப் போகணுமா? நான் என்ன வேத்து ஆளா?" என்கிறாள். அந்தப் பக்கத்து மற்ற நாலு வீட்டாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே வரிசையில் சில வீட்டை விட்டுவிட்டுக் கல்யாணப் பத்திரிகை வைத்த மாதிரி ஆகிவிட்டது. பெயின்டரிடம் சொல்லி அங்கேயும் இழுத்துவிடட்டுமா? என் சிநேகிதியிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மா

மார்ச் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

சாப்பிட்டாயா? கேட்டுவிட்டேன், போதுமா?

டீச்சர் வீட்டிலும் இழுத்துவிடு. நானே சொல்லலாம் என்று இருந்தேன். கோடு பாதித் தெருவில் நின்றுபோனால் படத்தில் நன்றாக இருக்காது, கடைசி வீடு வரை போனால்தான் அழகு. மேட்டு வீடுகளில் முழங்கால் உயரம் போதும். இதையெல்லாம் யாரும் அளவுகோல் கொண்டுவந்து பார்க்கப்போவதில்லை.

உன் மகள்

ஏப்ரல் 18

என் கண்ணு,

நீ கிளம்பிப் போன மறுநாளும் கூட்டம் குறையவில்லை. நான் மெஷின் மிதிப்பதைப் பார்த்து ஓர் அம்மாள் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாள். என்னைப் பார்த்து அழ என்ன இருக்கிறது என்று முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் குனிந்து என் கையைப் பார்த்தேன், நீலமாக, செத்தவள் கை மாதிரி இருந்தது. சிரிக்க முடியவில்லை.

டீச்சர் காலை நீலத்தில் வைத்துக்கொண்டு ராணி மாதிரி பேப்பர் படித்தாள். நகராட்சியிலிருந்தும் வந்தார்கள். வீடு வீடாகக் குறித்துக்கொண்டு, நீ அச்சடித்து வைத்திருந்த புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் போனார்கள். இன்னாருடைய அம்மா என்று என்னைக் காட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா

ஜூன் 9

என் கண்ணு,

எல்லோருக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. கோடு போட்ட வீடெல்லாம் வெள்ள அபாய வீடாம், இடிக்கப்போகிறார்களாம். காலி செய்துவிட்டு ஊருக்கு வெளியே கட்டியிருக்கும் அடுக்குமாடிக்குப் போக வேண்டுமாம். பள்ளத்தில் இருக்கும் எங்களுக்கு எதிர்த்துப் பேச வாயில்லை, நிஜமாகவே தண்ணீர் வருகிறது. டீச்சர் வீட்டையும் அந்த நாலு வீட்டையும் எதற்கு இடிக்க வேண்டும்? கேட்டால், கோடு இருக்கிறதே, எல்லாம் அளந்து போட்டது என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறதே என்கிறார்கள்.

அந்த ஐந்து வீட்டுக் கோடு அழகுக்குப் போட்டது என்று நீ அவர்களுக்கு ஒரு கடிதம் எழுது. உன் கையால் எழுதினால்தான் எடுபடும். டீச்சர் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நேற்று என் கடையைத் தாண்டிப் போய் வேறு இடத்தில் ரவிக்கைத் துணி கொடுத்துவிட்டு வந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா

ஜூன் 24

அன்புள்ள அம்மாவுக்கு,

படித்ததிலிருந்து எனக்கும் மனசு சரியில்லை. ஆனால் யோசித்துப் பார். ஐந்து கோடு பொய் என்று நானே எழுதினால், மற்ற கோடும் பொய் என்று சொல்ல ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். கடலாவது உயர்வதாவது என்று சிரிக்கிறவர்களுக்கு அது போதும். அப்புறம் பள்ளத்து வீடுகளுக்கு மாற்று வீடும் கிடைக்காது, அடுத்த வெள்ளத்தில் மிதக்க வேண்டியதுதான். அதற்கு நான் காரணமாக முடியாது.

இன்னொன்று. இதே திட்டத்தை இன்னொரு நகரத்தில் செய்யக் கேட்டிருக்கிறார்கள், பரிசுக்கும் பெயர் போயிருக்கிறது. இந்த நேரத்தில் அப்படி ஒரு கடிதம் போனால் என் இத்தனை வருஷ உழைப்பும் போய்விடும். டீச்சருக்கும் லிஃப்ட் வைத்த வீடுதானே கிடைக்கப்போகிறது? நீ கொஞ்சம் எடுத்துச் சொல்.

உன் மகள்

ஜூலை 12

மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். எங்களை மறுபடி தண்ணீரில் விட்டுவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அடுத்த நகரத்தையும் பரிசையும் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்தபின் மேலே எழுதியிருந்ததை என்னால் நம்ப முடியவில்லை.

நேற்று டீச்சரைக் கூட்டிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அந்த ஐந்து வீட்டுக்கும் நான்தான் பெயின்டரிடம் சொல்லிப் போடவைத்தேன் என்றேன். அதிகாரி நல்ல மனிதர்தான், நாற்காலி போட்டு உட்காரவைத்துப் புத்தகத்தைத் திறந்து காட்டினார்.

"எல்லாக் கோடும் அளந்து போட்டதுன்னு உங்க பொண்ணு எழுதியிருக்காங்க. நீங்க தைக்கறவங்க. நான் யாரை நம்பறது, சொல்லுங்கம்மா."

"என் பொண்ணு எழுதினது பொய்ங்க. பொய்னு தெரிஞ்சேதான் எழுதியிருக்கா" என்றேன்.

உன்னைப் பற்றி ஒரு குறை யாரிடமும் இதுவரை சொன்னவள் இல்லை நான். எழுதித் தருவீர்களா என்று கேட்டார். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார், டீச்சர் வீடு தப்புமா என்று தெரியவில்லை. திரும்பி வரும் வழியிலும் அவள் என்னோடு பேசவில்லை. பரிசுக்காரர்கள் உன்னிடம் கேட்டால் என்ன சொல்வாயோ, அது உன் பாடு.

பள்ளத்துக்காரர்கள் நாங்கள் அடுத்த வாரம் கிளம்புகிறோம். எனக்கு ஏழாவது மாடி. அங்கே என்னை யாருக்குத் தெரியும், யார் துணி கொண்டுவரப் போகிறார்கள் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

புது வீட்டு விலாசம் கொடுத்துவிட்டார்கள். அதை உனக்கு எழுதவில்லை. போன் பண்ணாதே, எடுக்கமாட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அம்மா