நேர்கோடு இல்லாத கோயில்

பிப்ரவரி 4

அனுவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். மெதுவாக நடக்கிறாள். பேச்சுதான் இல்லை. பக்கவாதம் சொற்களை அழிக்கவில்லை, அவை வெளியே வரும் வழியைத்தான் அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். பல்கலைக்கழகத்தில் வருஷக்கணக்காகக் கிரேக்கக் கோயில்களைப் பற்றிப் பாடம் நடத்தியவள், தண்ணீருக்குக் கையைக் காட்டுகிறாள்.

பிப்ரவரி 9

ஒன்றுமில்லை. மாண்ட்ரியல் முழுக்கப் பனி.

பிப்ரவரி 13

ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். தட்டைப் பார்த்தபடி, தெளிவாக, "என்டாசிஸ்" என்றாள்.

போனில் தேடினேன். தூண் நேராக இருந்தால் நடுவில் ஒட்டிப்போனதுபோல் கண்ணுக்குத் தெரியுமாம். அதற்காக லேசாகப் புடைக்க விடுவதற்கு அந்தப் பெயர். கட்டின புருஷன் பெயர் வரல, இது வருது! பொறாமையாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது.

பிப்ரவரி 20

தினமும் ஒன்றிரண்டு வருகிறது. தூணின் தலை, தூண்களின் மேல் படுத்திருக்கும் உத்தரம், முகப்பின் முக்கோணம் — எல்லாம் கிரேக்கப் பெயரோடு. "காபி" வரவில்லை.

பிப்ரவரி 27

இன்று சண்டை.

தூண்கள் நிற்கும் கல்தளம், ஸ்டைலோபேட். போர்வைமேல் கையை வளைத்துக் காட்டினாள்: நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழ்கிறது. கோயில் முழுக்கத் தேடினாலும் நேர்கோடு கிடையாது என்கிறது போன். மழைநீர் வடியத்தான் அப்படி என்றேன். தலையை ஆட்டி மறுத்தாள். நான் பாலம் கட்டின எஞ்சினியர், விடுவேனா? அவள் முகம் சிவந்துவிட்டது. "இல்ல. தண்ணி இல்ல. கண்ணு. கண்ணுக்கு."

காலையில் அனுவைக் குளிப்பாட்ட வரும் புஷ்பராணி, யாழ்ப்பாணத்துப் பெண், வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். "அம்மா கோவிச்சுக் கதைக்கிறா. அது நல்லது தானே, ஐயா."

நல்லதுதான். குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

மார்ச் 10

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் லொங்குய்யிலிருந்து மகள் ஸ்நேகா வந்தாள். அவள் வீட்டருகே ஒரு பராமரிப்பு இல்லத்தில் அறை காலியாகிறதாம். "அம்மா கீழ விழுந்தா உங்களால தூக்க முடியுமாப்பா?"

முடியாது. அவள் கெட்டவள் இல்லை, பயப்படுகிறாள். நானுந்தான். அனு அடுத்த அறையில் இருந்தாள். கதவு திறந்திருந்தது. எல்லாம் கேட்டிருக்குமோ?

மார்ச் 11

கனவு. பனிவெளியில் ஒரு கோயில். தூண்களெல்லாம் லேசாக உள்நோக்கிச் சாய்ந்திருந்தன. அப்படியே நீட்டிக்கொண்டு போனால் மேகத்துக்கு மேலே எங்கோ ஒன்றையொன்று தொடும் — அனு ஒருநாள் இரண்டு கைகளையும் குவித்துக் காட்டியதுபோல. தூண்களின் வரிப்பள்ளங்களில் பனி சத்தமில்லாமல் இறங்கியது. உள்ளே ஜன்னலே இல்லாத கருவறை. வாசல் வழியாக மட்டும் வெளிச்சம். அனு உள்ளே போனாள். நான் வெளியே நின்றேன். ஏன் கூடப் போகவில்லை?

விழித்தபோது அவள் என்னைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

மார்ச் 29

பழைய மாண்ட்ரியலுக்குப் போனோம், தூண் வைத்த வங்கிக் கட்டடத்தைப் பார்க்க. "டோரிக்," என்றேன், பெருமையாக. வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஐயோ... இலை. இலை பாருங்க. கொரிந்தியன்."

தூண்களின் உச்சியில் கல்லிலைகள் சுருண்டிருந்தன; டோரிக் தூணின் தலை மொட்டையாக இருக்குமாம். அவள் கையுறையைக் கழற்றி, ஒரு தூணின் பள்ளத்தில் விரலை மெல்ல ஓட்டினாள். மெட்ரோவில் என் தோளில் தூங்கிவிட்டாள். இறங்க வேண்டிய நிலையம் தாண்டிப் போயிற்று. எழுப்ப மனம் வரவில்லை.

ஏப்ரல் 2

ஸ்நேகா பதில் கேட்டு வந்தாள். என்னிடம்தான் பேசினாள். நானும் அனுவைப் பார்க்காமலே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேஜை தட்டும் சத்தம். "என்னைக் கேளு."

ஸ்நேகா நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக் கேட்டாள். பதில் வர வெகுநேரம் ஆயிற்று. நாங்கள் இருவரும் சொல் எடுத்துக் கொடுக்கவில்லை.

"பகல்ல... அங்க போறேன். ராத்திரி... என் வீடு."

அந்த இல்லத்தில் பகல்நேரப் பேச்சுப் பயிற்சி உண்டாம். இங்கே சுவரில் கைப்பிடிகள் பொருத்திவிடலாம். ஸ்நேகா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சரி என்றாள்.

ஜூன் 12

இன்று அனு முதல்முறையாகத் தனியாக லொங்குய் போய்வந்தாள். கூட வரவா என்றேன். வேண்டாம் என்றாள். பகல் முழுக்க எனக்கு ஜன்னலோரம்தான்.

மாலையில் முகமெல்லாம் வெயிலோடு வந்து நின்றாள். யாரைப் பார்த்தாய், என்ன பேசினாய், மெட்ரோவில் மஞ்சள் லைனுக்கு மாறத் தெரிந்ததா — அடுக்கிக்கொண்டே போனேன்.

செருப்பைக் கழற்றியபடி, "அப்புறம் சொல்றேன்," என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அப்புறம் சொல்வாளாம்.