அம்மாவின் கையை விட்டுவிடு

அன்புள்ள தம்பிக்கு,

"அன்புள்ள" என்பதை இரண்டு தாள்களில் அடித்துவிட்டு, மூன்றாவது தாளில்தான் விட்டுவைத்தேன். அம்மா உள்ளறையிலிருந்து, "முதல்ல அவன் நல்லா இருக்கானான்னு கேளுடி" என்கிறாள். கேட்டாயிற்று. இங்கே நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது.

நீ போனில் அனுப்பிய வாழ்த்து வந்தது. "அக்கா, கலக்கிட்டியாமே! சபையே உன் பக்கம் சாஞ்சிடுச்சாமே!" என்று எழுதி, கைதட்டும் படம் மூன்று போட்டிருந்தாய். நான் என்ன பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கோப்பையா வாங்கினேன்? போனில் பதில் சொன்னால் தெருவே கூடும் அளவுக்குக் கத்திவிடுவேன். கடிதத்தில் என் குரல் கேட்காது என்பதால் எழுதுகிறேன்.

நான்கு மாதத்துக்கு முன் நீ தலைமை அலுவலகத்திலிருந்து ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் எங்கள் சலவைக்கூடத்துக்கு வந்து பேசினாயே, அன்று நான் சாப்பாட்டுக் கூடத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தேன். தேய்க்கும் ரோலர் மெஷினுக்கு இனி ஒருவர் போதும், இரண்டாம் ஆள் வேண்டாம், அந்த ஆளை வேறு மெஷினில் போட்டால் வேலை சீக்கிரம் முடிந்து எல்லோரும் ஒரு மணி நேரம் முன்னதாக வீடு போகலாம் என்று சொல்ல வந்தாய். அதை மட்டும் சொல்லியிருந்தால் எனக்கு உன்மேல் கோபமே இல்லை. நிர்வாகத்தின் ஆள் நிர்வாகத்துக்காகப் பேசுகிறான், பேசட்டும். ஆனால் நீ தண்ணீர் குடித்தாய். குரலை இறக்கினாய். வலது கையைத் தூக்கி இரண்டு விரலை மடித்துக் காட்டினாய். "எங்கம்மாவும் உங்கள மாதிரி ரோலர்ல நின்னவங்கதான். ஒரே மெஷின்ல ரெண்டு பேர் நின்னதால, ஒருத்தி இழுக்க ஒருத்தி தள்ள, ரெண்டு விரலைப் பறிகொடுத்தாங்க" என்றாய்.

கூடமே அழுதது. ஆஸ்பத்திரித் துணியில் ரத்தக் கறையைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போன பெண்கள், முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அறுபத்து மூன்று பேரில் ஒன்பது பேர் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள்.

பொய்யடா அது! வாய் கூசாமல் எப்படிச் சொன்னாய்? இரண்டு பேர் நின்றதால் போன விரலா அது? இரண்டாவது ஆள் நின்றதால்தான் கை முழுக்கப் போகாமல் இரண்டு விரலோடு நின்றது என்று உனக்குத் தெரியாதா? வீட்டில் எத்தனை முறை கேட்டிருப்பாய்! அன்று அம்மாவோடு நின்று, சிவப்புக் கம்பியை இழுத்து மெஷினை நிறுத்தியவள், எல்லோரும் கூப்பிடுகிற பெரியக்கா, இன்றைக்கும் எங்கள் எதிர் வீட்டில்தான் இருக்கிறாள். உன் கதையில் அம்மாவின் விரலை எடுத்தவளே அவள்தான். யாரோ போனில் பதிந்ததை அவளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். "நான் இழுத்தது கம்பிய. அவ கையை இல்ல" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். ஒரு மாதம் எங்கள் வாசற்படியை மிதிக்கவில்லை.

அம்மாவும் அந்தப் பதிவைக் கேட்டாள். விரல் பேச்சு வந்ததும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். முடிந்ததும், "எவ்வளவு தெளிவா பேசுறான் பாரு" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உனக்காகப் பெருமைப்படுகிறாளா, உன் பொய்யை மூடுகிறாளா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

என்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அன்று நான் கை தூக்கவில்லை. ஆனால் எழுந்து "அது பொய்" என்றும் சொல்லவில்லை. கூடப் பிறந்தவன் மானம் சபையில் போகக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். சின்ன வயதில் பேச்சுப் போட்டிக்கு உன்னைக் கண்ணாடி முன் நிறுத்தி, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று பழக்கியவளே நான்தான். எதைச் சொல்லக் கூடாது என்பதைப் பழக்க மறந்துவிட்டேன்.

மூன்றே வாரம். எங்கள் வரிசையில் சுருட்டை என்று ஒருத்தி, தலைமுடியை வைத்து அந்தப் பெயர். ஈர விரிப்பின் இரண்டு முனையையும் அவள் ஒருத்தியே பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு முனை மடங்கியது. சரி செய்யக் குனிந்தாள். துணியோடு கை உள்ளே போய்விட்டது. கம்பி அவளுக்கு எட்டவில்லை. நான் அடுத்த மெஷினிலிருந்து ஓடினேன். டிரம் சத்தத்தில் முதல் அலறல் எனக்குக் கேட்கவே இல்லை; இரண்டாவதுதான் கேட்டது. மணிக்கட்டிலிருந்து விரல் முட்டி வரைக்கும் வெந்துவிட்டது. கை இருக்கிறது. பிடிமானம் இல்லை. தலையை வாரிக்கொள்ள அவள் தங்கை வருகிறாள்.

அதற்குப் பிறகுதான் இன்னொரு கூட்டம் கூட்டுங்கள் என்று நான் மேற்பார்வையாளரின் மேசை முன் போய் நின்றேன். "உன் தம்பியை எதிர்த்தா பேசப் போறே?" என்று சிரித்தார். பத்து நிமிடம் கொடுத்தார்.

நான் கலக்கியதாக எழுதினாயே, எப்படிக் கலக்கினேன் என்று கேள். முதலில் நான்கு பக்கம் எழுதினேன். பெரியக்காவிடம் போய்ப் படித்துக் காட்டினேன். மூன்று பக்கம் உன்னைத் திட்டியே போயிருந்தது. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டு, "இதெல்லாம் உன் தம்பிக்கு. அங்க உட்கார்ந்திருக்கிற அறுபது பேருக்கு எங்கடி?" என்றாள். கிழித்துப் போட்டேன்.

பிறகு எனக்கே தெரியாததைத் தெரிந்துகொள்ளப் போனேன். ஒரு மெஷினிலிருந்து அடுத்த மெஷினுக்கு எத்தனை அடி என்று அளந்தேன். பன்னிரண்டு. ஒருத்தியைக் கத்தச் சொல்லிவிட்டு, நான் கையிலிருந்த துணியை விட்டு, தள்ளுவண்டிகளைச் சுற்றி ஓடிப் போய்க் கம்பியைத் தொடும்வரை துணி வண்டி டிரைவர் அண்ணனைக் கடிகாரம் பார்க்கச் சொன்னேன். ஐந்து தடவை செய்தோம். ஒரு தடவைகூட ஆறு விநாடிக்குக் குறையவில்லை. பக்கத்தில் ஆள் நின்றால் ஒரு விநாடி. ஒரு மணி நேரம் முன்னால் போவதால் யாருக்கு என்ன லாபம் என்று வீடு வீடாகக் கேட்டேன். துணி மடிக்கும் பகுதியில் ஒருத்தி, "அக்கா, இப்பதான் என் புள்ள காப்பகத்துல கடைசிப் புள்ளையா உட்கார்ந்து அழாம இருக்கு" என்றாள். அது உண்மை. அதை மறைத்துவிட்டு நான் பேசினால் உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

எனக்கு ஆகாத உண்மை இன்னொன்றும் கிடைத்தது. விரல் போன அன்று அம்மாதான், கை உள்ளே போகாமல் தடுக்கும் தகட்டைத் தூக்கிவிட்டு வேலை செய்திருக்கிறாள். பெரியக்காதான் சொன்னாள். தகட்டைத் தூக்கினால் வேகமாக முடியும். அம்மாவுக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்றால், உனக்கு நெருப்பாய்க் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து சொல்லியிருக்கிறார். கையிலிருந்த துணியை முடித்தால்தான் விடுவோம் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார்.

அம்மாவிடம் போய், "உன் கதையைச் சொல்லலாமா?" என்று கேட்டேன். நீ கேட்டாயா? ஒரு வார்த்தை? அவள், "விரலைச் சொல்லு. தகட்டைத் தூக்கினதும் என் தப்புதான், சொல்லு. காய்ச்சலை மட்டும் சபையில சொல்லாத. அவன் பேரு அதுல வர வேணாம்" என்றாள். காய்ச்சலைச் சொல்லியிருந்தால் கூடம் இன்னொரு முறை அழுதிருக்கும், உன் கூட்டத்தைவிடப் பெரிதாக. நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

உனக்குச் சொல்கிறேன். உன்னைக் குற்றவாளி ஆக்க இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது அவன் குற்றமா? ஆனால் நீ மடித்துக் காட்டிய அந்த விரல்கள் யாரிடம் ஓடிவரும் அவசரத்தில் போனவை என்று தெரியாமல், இன்னும் எத்தனை மேடையில் மடித்துக் காட்டுவாய்?

கூட்டத்தன்று சுருட்டையும் வந்தாள். "வர்றேன். ஆனா என் கையைத் தூக்கிக் காட்டச் சொல்லாதீங்க" என்றிருந்தாள். காட்டவில்லை. முதலில் காப்பகத்துப் பிள்ளையைப் பற்றித்தான் பேசினேன். அந்த ஒரு மணி நேரத்தை இழப்பது சின்ன விஷயம் இல்லை என்றேன். பிறகு பன்னிரண்டு அடி, ஆறு விநாடி. பிறகு அம்மா. தகட்டைத் தூக்கியதையும் சொன்னதும், பின்னால் இருந்து ஒருவர், "அப்ப தப்பு உங்கம்மா மேலதானே?" என்றார். எழுதி வைத்த தாளில் அதற்குப் பதில் இல்லை. தாளை மடித்துவிட்டேன். "ஆமா, தப்புதான். தப்பே செய்யாதவங்க இங்க யாராவது இருந்தா எழுந்து நில்லுங்க. தப்பு செஞ்ச அன்னைக்குக் கம்பிய இழுக்கப் பக்கத்துல ஒருத்தி இருந்தா. அவ்வளவுதான்" என்றேன். யாரும் அழவில்லை. யாரும் கைதட்டவும் இல்லை. அவரவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டாம் ஆள் வேண்டும் என்று முப்பத்து நான்கு பேர். வேண்டாம் என்று இருபத்தைந்து. நான்கு பேர் கையே தூக்கவில்லை. அந்தக் காப்பகத்துப் பிள்ளையின் அம்மா எனக்கு எதிராகத்தான் தூக்கினாள். வெளியே வந்து, "நீங்க சொன்னது சரிதான்க்கா, ஆனா என்னால முடியல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள்மேல் எனக்கு ஒரு துளி கோபம் இல்லை. அவளிடம் யாரும் பொய் சொல்லவில்லை, தெரிந்தே தூக்கினாள்.

இப்போது மேற்பார்வையாளர் சொல்கிறார், தலைமை அலுவலகம் இதை ஏற்கவில்லையாம், விளக்கம் சொல்ல அடுத்த மாதம் உன்னையே அனுப்புகிறார்களாம். வா. எதிர்த்துப் பேசு. என் ஆறு விநாடி தப்பு என்றால் நீ அளந்து காட்டு. ஒரு மணி நேரத்தின் அருமையை என்னைவிட அழகாகச் சொல்லு. முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். ஆனால் அம்மாவின் கையை விட்டுவிடு. அதை எடுத்தாயானால், இந்த முறை நான் எழுந்து நிற்பேன். தம்பி என்று பார்க்க மாட்டேன்.

கூட்டத்துக்கு முந்தைய நாளே வந்துவிடு. ஓட்டலில் தங்காதே. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் மதியத்துக்குள் வா, நான் வேலைக்குப் போயிருப்பேன், வீட்டில் அம்மா மட்டும்தான் இருப்பாள். கதவைத் தட்டிவிட்டு உடனே திரும்பிப் போய்விடாதே, கொஞ்சம் நில். அந்தக் கையால் தாழ்ப்பாளைத் திறக்க அவளுக்கு நேரம் எடுக்கும்.

நல்லா இருப்பா.

உன் அக்கா