நான் எழுதிக் கொடுத்த நோட்டு

என்னங்க,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. மகள் நான்கு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. போனில் காய்ச்சல் என்று நான் சொன்னது பொய்.

பெற்றோர் கூட்டத்தில் அவள் டீச்சர், "வீட்ல என்னென்ன தப்பு பண்றான்னு தேதி போட்டு எழுதிக் குடுங்கம்மா, திருத்திடலாம்" என்றார். என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. சாமி கும்பிடும்போது சிரித்தது, எதிர்த்துப் பேசியது என்று ஒன்று விடாமல் எழுதினேன். இந்தப் பதினோரு வயதில் படுக்கையை நனைத்துவிட்டு விரிப்பை ஒளித்து வைத்ததையும் எழுதினேன்.

டீச்சர் அந்த நோட்டை அவள் கையிலேயே கொடுத்து, வகுப்பு முன்னால் உரக்கப் படிக்க வைத்திருக்கிறார்.

சண்டை போடத்தான் போனேன். "உங்க கையெழுத்துதானேம்மா?" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

அவள் அறையைவிட்டு வருவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால், "சாப்பிட மாட்டேங்கிறான்னு அதையும் எழுதிக்கோ" என்கிறாள். சாமியிடம் அழுகிறேன். அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை அவரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

இன்று கதவுக்கு வெளியே நின்று அவளிடமே கேட்டேன். உள்ளேயிருந்து, "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது என்றேன். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

கிடைக்கிற வண்டியில் ஏறி வந்துவிடுங்கள். எதுவுமே தெரியாதவராக வாருங்கள்.

உங்கள் மனைவி