தலைகீழாக வந்த முட்டைப் பெட்டி

உன் கறுப்பு ஷூ டப்பாவை இன்று காலை பீரோ மேலிருந்து இறக்கினேன். தேனி வரைக்கும் போய்த் திரும்பி வந்த டப்பா. மூடியைத் திறந்ததும் நம் ஷூ கம்பெனி பசை வாசனை மூக்கில் ஏறியது. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இந்த வாசனை மட்டும் போக மாட்டேன் என்கிறது. நாலு பக்கமும் நீ ஒட்டிய சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் அப்படியே இருக்கின்றன. தோலில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட செக்கிங் டேபிளில் நீங்கள் ஒட்டுகிற ஸ்டிக்கர். அதைக் கொண்டு வந்து முட்டைப் பார்சலில் மேலே பார்க்க ஒட்டினாய். "இந்தப் பக்கம் மேல" என்று சில்வர் பேனாவில் எழுதியும் வைத்தாய். எந்தப் பார்சல்காரன் அதைப் படித்தான்?

உனக்குக் கொண்டைக்கோழி மேல் ஆசை வந்தது மாதனூரில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான். யாரோ போனில் அனுப்பிய படத்தைக் காட்டி, "பாருடி, தலை நெறைய பூ வெச்சிக்கினு கல்யாணத்துக்குக் கெளம்பின மாதிரி கீது" என்றாய். பொள்ளாச்சியிலிருந்து முட்டை வரவழைத்தாய். உமியில் புதைத்து வந்தது, ஒன்றுகூட உடையவில்லை. உன் வீட்டுச் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம். முட்டையின் அகலமான பக்கத்தில் ஒரு காற்றறை இருக்கும். ஓட்டை உடைக்கும் முன்னால் குஞ்சு முதல் மூச்சு இழுப்பது அதில்தான். உன் முட்டைகளில் அது கழன்றுபோய், சாய்த்த பக்கமெல்லாம் ஓடியது, கொத்தனார் ரசமட்டத்துக் குமிழி மாதிரி.

விற்றவருக்குப் போன் போட்டாய். "பஸ்ல குலுங்கிருச்சுங்க. இனி குஞ்சாகாது, சமைச்சுப் போடுங்க" என்றார். பக்கத்தில் நின்ற உன் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், வெங்காயம் நறுக்கவே உட்கார்ந்துவிட்டார். "கைய வெச்சிப் பாரு, நாளைலேர்ந்து உனக்கு சோறு கெடையாது" என்று அவர் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கினாய். என்னிடம் திரும்பி, "கம்பெனில நாள் பூரா ரிஜெக்ட் ரிஜெக்ட்னு தள்றேன். வீட்லயும் அதே வேலையா? போடி" என்றாய்.

முதல் தடவை தோற்றோம். அடைக்கோழி செய்கிற மாதிரி முட்டைகளைப் படுக்க வைத்து உருட்டி உருட்டி விட்டோம், எல்லாம் அழுகி வீடே நாறியது. நானாக இருந்தால் விட்டிருப்பேன். நீ மறுபடி வரவழைத்தாய், மறுபடியும் அதே ஓடுகிற காற்றறை. இந்த முறை அகலமான பக்கம் மேலே இருக்கும்படி முட்டை அட்டையில் நிறுத்தி, ஒரு நாள் முழுக்க யாரையும் தொட விடவில்லை. பல்பு மாட்டிய தெர்மாக்கோல் பெட்டிக்குள்ளும் அப்படியே நிறுத்தினாய். முதல் வாரம் அசைக்கவே இல்லை. அதற்கப்புறமும் உருட்டாமல், அட்டையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லச் சாய்த்தாய். காற்றறை எங்கே நிற்கிறது என்று சில்வர் பேனாவால் ஓட்டின் மேல் கோடு போட்டுக் கொண்டே வந்தாய். "குலுங்கி வந்தத இன்னும் குலுக்கக் கூடாதுடி. ஷிப்ட் முடிஞ்சி வந்தா நாம கொஞ்ச நேரம் செவுத்துல சாயறதில்ல?" என்றாய். பாதிகூடப் பொரிக்கவில்லை. ஆனால் மூன்று குஞ்சு வந்தது. பொள்ளாச்சிக்காரருக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டு நீ சொன்னது என் காதிலேயே இருக்கிறது: "பார்சல்காரங்க கவுக்கட்டும்டி. நாம நிமித்தி வெப்போம்."

உன் கோழிகள் பெருகின. தேனியில் ஓர் அம்மா முட்டை கேட்டார். இந்தக் கறுப்பு டப்பாவில்தான் அடுக்கினாய். கம்பெனிப் பழக்கத்தில், ஷூவுக்குள் போடுகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களையும் உள்ளே போட்டு ஒட்டிவிட்டாய். மறுநாள் பஸ்ஸில் நீயே சொன்னாய். "அடிப்பாவி, முட்டைய கருவாடு போடப் போறியா?" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். உடனே தேனிக்குப் போன் போட்டாய். அந்த அம்மா, கோழி மருந்து என்று நினைத்து அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருந்தாராம்.

அப்புறம் உனக்கு மார்பில் கட்டி வந்தது. வேலூருக்கும் மாதனூருக்குமாக அலைந்தாய். முடி கொட்டிய தலையில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு வேலைக்கும் வந்தாய். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் உன் காது படவே "இனிமே எங்க பொழைக்கிறது" என்றார்கள். படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாய். "எவடி எனக்கு ஸ்டிக்கர் ஒட்டறது? மொதல்ல எழுந்து போங்க." அவர்கள் போனதும் காபி கேட்டாய். நீ பிழைக்கவில்லை. அதை அழகாகச் சொல்ல எனக்கு இஷ்டம் இல்லை. எனக்கு இன்னமும் ஆத்திரம்தான் வருகிறது.

உன் காரியம் முடிந்த மறுநாள் கறிச் சோறு போட்டார்கள். இலையில் விழுந்த கறியைப் பார்த்தேன். கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். உன் கோழிக்கூண்டு திறந்து கிடந்தது, ஒரு கொண்டைகூட மிச்சமில்லை. "வந்த சனத்துக்கு இன்னாம்மா போடறது?" என்றார் அண்ணன். இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன். சாவு வீட்டில் சாப்பிடாமல் எழுந்தவள் என்று இன்னும் பேசுகிறார்கள், பேசட்டும்.

வீட்டுக்கு வந்ததும் தேனிக்குப் போன் போட்டேன். உன் கோழிகளின் வாரிசு அங்கே மட்டும்தான் இருந்தது. விஷயம் கேட்டு அந்த அம்மா அழுதார். நீ அனுப்பிய அதே டப்பாவில் முட்டை அடுக்கி அனுப்பினார். டப்பா தலைகீழாக வந்தது. உன் அம்புகள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. வெளிச்சத்தில் பார்த்தால் அதே கழன்ற காற்றறை. அண்ணன் வாசலில் நின்று, "விடும்மா, அவளே போய்ட்டா" என்றார். "தின்னது போதும், வாய மூடுங்கண்ணா" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

நீ செய்தபடியே செய்தேன். நிறுத்தி வைத்தேன், தொடவில்லை, கோடு போட்டேன். ஒவ்வொரு முட்டையாக உயிர் உள்ளேயே நின்றுபோனது. ஒரு குஞ்சு ஓட்டில் ஓட்டை போட்டு மூக்கை நீட்டிய பிறகு செத்தது. அன்று கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதேன். கடைசியில் இரண்டு வந்தன. இரண்டுக்கும் ஈரத் தலையில் கொண்டை வரப்போகிற சின்னப் புடைப்பு. நல்ல வேளை, ஒன்று பெட்டை, ஒன்று சேவல்.

இப்போது அந்தப் பெட்டை முட்டை விடுகிறது. போன வாரம் அண்ணன் வந்து கூண்டுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். "எனக்கு நாலு அடை முட்டை தருவியாம்மா?" என்றார். "தர்றேன். ஆனா மொதல்ல நாலு ஊருக்குப் போவட்டும். ஒரே வீட்ல வெச்சா ஒரே கொழம்புல முடிஞ்சிடும்" என்றேன். அவர் கண் கலங்கியது. எனக்கும்தான், ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

நேற்று தேனி அம்மா போன் செய்தார். சீக்கு வந்து அங்கே ஒன்றுகூட மிஞ்சவில்லையாம். அதற்குத்தான் இன்று டப்பாவை இறக்கினேன். முட்டைகளை அகலமான பக்கம் மேலாக உமியில் நிறுத்தினேன். பொட்டலம் எதுவும் போடவில்லை, பயப்படாதே. உன் அம்புகளுக்குப் பக்கத்தில் புதிதாக நாலு ஒட்டினேன்.

பார்சல் ஆபீஸ் ஆள் ரசீது கொடுத்துவிட்டு, என் கண் முன்னாலேயே டப்பாவைக் கவிழ்த்து வைத்தான். கவுன்ட்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"இன்னாம்மா, உள்ள வரக் கூடாது."

"நீ நிமித்தி வெச்சிருந்தா நான் ஏன் வர்றேன்?"

நிமிர்த்தி வைத்தேன். வண்டியில் ஏற்றும் வரை அங்கேயே நின்றேன். கம்பெனி பஸ் போய்விட்டது. வழியில் இன்னும் எத்தனை பேர் கவிழ்ப்பார்களோ தெரியாது. கவிழ்க்கட்டும். அந்தப் பக்கம் நிமிர்த்தி வைக்க ஓர் அம்மா காத்திருக்கிறார். இந்தப் பக்கம் நான் இருக்கிறேன்.