மீன்கொத்தி வரைந்த டிரம்

இன்று மத்தியானம் வெயில் ஏறியதும் அந்த நாற்றம் மறுபடி வந்தது. தோட்டத்து மூலையில் கவிழ்த்து வைத்திருக்கிற உன் இரும்பு டிரம்மிலிருந்துதான். இத்தனை மழை பார்த்த பிறகும் சூடேறினால் மூக்கை எரிக்கிறது. செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் எனக்கு ஷிப்ட் வேலை. நீ லாரிகளில் மயிலும் தாமரையும் வரைகிற பெயிண்டர். நம் லைன் வீடுகளுக்குப் பின்னால் குப்பை கொட்டிக் கிடந்த நிலத்தை எல்லோருக்குமான தோட்டமாக்க நீதான் கிளம்பினாய். எங்கோ ஒரு முகாமுக்குப் போய், பெர்மாகல்ச்சர் என்று, உழாமல் மண்ணை மூடிவைத்துப் பயிர் வளர்க்கிற முறைக்கான ஒரு சொல்லோடு திரும்பியிருந்தாய். "மண்ண நோண்டாத மச்சான், போத்தி வை" என்பாய். ஆர்.கே.பேட்டையில் ஏர் ஓட்டி வளர்ந்த எனக்கே பாடம்! பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் குப்பையை வாரிவிட்டு சாணி, கரும்புச் சோகை, சருகு என்று அடுக்கினோம். பாத்திகளை நீ மயில் தோகையாக வளைத்தாய். குளித்த தண்ணீர் வாழைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் பாடிக்கொண்டே நாற்று நடுவார்கள். நீ அவர்களையே சுவரில் வரைவாய். நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

அப்புறம்தான் கீரை போட ஏதோ கம்பெனி கழித்துப்போட்ட டிரம்களைக் கொண்டுவந்தாய். ஒவ்வொன்றிலும் ஒரு பறவை வரைந்தாய்.

"இதுல இன்னா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"எதுவோ இருந்துச்சு. கயுவியாச்சு மச்சான்."

"நாறுதேடா."

"பெயிண்ட் வாசன. சும்மா பேஜார் பண்ணாத."

திறப்பு விழா அன்று ஊர் கூடியிருந்தது. என் சின்ன மகள் மீன்கொத்தி டிரம்மிலிருந்து ஒரு இலையைக் கிள்ளி வாயில் வைக்கப் போனாள். தட்டிவிட்டேன். கடப்பாரையால் நெம்பி எல்லா டிரம்மையும் கவிழ்த்தேன். மீன்கொத்தியின் வயிற்றில் பள்ளம் விழுந்தது.

"என் படத்த ஒடச்சிட்டியேடா பாவி" என்று கத்தினாய். என் குழந்தை வாயில் எதை வைக்கப் போனாள் என்று உனக்குக் கேட்கத் தோன்றவில்லை. படம்தான் உனக்குப் பெரிது. அதோடு பேச்சு நின்றது. ஒரே தெருவில் இருந்தும் உன் வாசல்படி மிதிக்கவில்லை.

ஈரல் கெட்டுப் போய் நீ செத்த பிறகுதான் மிதித்தேன். உன்னைக் குளிப்பாட்டத் தண்ணீர் கேட்டேன். உன் பெண்சாதி சமையல்கட்டைக் காட்டினாள். அங்கே மீன்கொத்தி, வயிற்றுப் பள்ளத்தோடு, கழுத்து வரை தண்ணீரோடு நின்றது.

"இத்தயா குடிக்கிறீங்க?"

"லாரித் தண்ணி என்னிக்கோ ஒருநாள்தானண்ணா வருது. அவருதான் தோட்டத்துலேர்ந்து எடுத்தாந்து கயுவி வெச்சாரு."

அப்படியானால் நீ என்னை ஏமாற்றவில்லை. கழுவினால் போதும் என்று மெய்யாகவே நம்பினாய். முட்டாளே, நம்பி நீயும் குடித்தாய், அவளுக்கும் கொடுத்தாய். ஈரல் அதனால்தான் கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

காரியம் முடிந்ததும் அவளுக்குப் புது டிரம் வாங்கிக் கொடுத்துவிட்டு, மீன்கொத்தியை உருட்டி வந்து அடியில் ஓட்டை போட்டேன். இனி யாரும் அதில் தண்ணீர் பிடிக்க முடியாது.

இப்போதெல்லாம் யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் முதலில் மோந்து பார்க்கிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நமக்குள் அந்தச் சண்டை வராமல் இருந்தால் உன் வீட்டிலும் ஒரு வாய் குடித்திருப்பேன். குடித்திருந்தால் தண்ணீரில் அந்த நாற்றம் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதற்கும் உன் மேல்தான்டா கோபம்.