இடது காதுத் தோடு

பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை. இன்றைக்கு எனக்கு எழுபத்து நான்கு வயது, மூன்று மாதம், ஒன்பது நாள். வயதை இவ்வளவு துல்லியமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இதைப் படித்து முடித்தபின், அம்மாவுக்கு மூளை தளர்ந்துவிட்டது என்று நீ ஆறுதல்பட்டுக்கொள்ளக் கூடாது.

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே மூவரும் நலம், என் இரத்த அழுத்தத்தையும் உன் மனைவியின் இடுப்பு வலியையும் உன் மகனின் சளியையும் கழித்துவிட்டு மிச்சத்தை நலம் என்று எடுத்துக்கொள். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கடல்நீரைக் குடிநீராக்கி ஊருக்கெல்லாம் அனுப்புகிற ஆலையில் இருந்துகொண்டு நீ மட்டும் நாளெல்லாம் பாட்டில் பானத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறாயா என்பதை அறிய விரும்புகிறேன். இதையெல்லாம் போனில் கேட்கலாமே என்பாய். போனில் நான் எதைக் கேட்டாலும் 'சரிம்மா' என்பாய், எதைச் சொன்னாலும் 'சரிம்மா' என்பாய், வீடியோவில் வந்தாலோ முகத்தை விட்டுவிட்டு என் இடது காதைப் பார்த்தே பேசுவாய். போன ஞாயிற்றுக்கிழமைகூட உன் மனைவி, 'உங்க பையனுக்கு உங்க காதுல அப்படி என்னதான் தெரியுதோ, கேளுங்க அத்தை' என்று சிரித்தாள். தவிரவும், வாயால் பொய் சொல்லிப் பழகிய ஒரு விஷயத்தை வாயாலேயே திருத்த எனக்கு வரவில்லை. அதனால்தான் தாளும் பேனாவும்.

முதலில் நம் ஸ்டேஷன் மாஸ்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடியில் துணிக்குப் போடுகிற கிளிப்புகளைப் பிடுங்கிவந்து வாசலில் ரயிலாக அடுக்குகிறான் என்பதால் கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் உன் மகனுக்கு வைத்த பெயர் இது. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவர், 'என்ன சார், வண்டி சரியான நேரந்தானா?' என்று கேட்டுவிட்டுத்தான் போவார். இவன் பதில் சொல்வதில்லை. ஆனால் ஒருநாள் அவர் அவசரத்தில் கேட்காமல் போய்விட்டார், முக்கால் மணி நேரம் இவன் வாசலை விட்டு நகரவில்லை, நாங்கள் போன் போட்டு அந்த மனிதரை ஏதோ கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து கேட்கவைக்க வேண்டியதாயிற்று. எண்ணிப் பார்த்தேன், இப்போது இவனுக்குப் பதினொரு சொற்கள் இருக்கின்றன. பதினோராவதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் நீ கையெழுத்திடப் போகிறாய் என்று உன் மனைவி சொன்னாள். நீ போனபோது குழந்தைக்கு நான்கு வயது, இப்போது ஆறு, கையெழுத்திட்டால் எட்டு வயதுப் பையனாகத்தான் அவனைத் தொட்டுப் பார்ப்பாய். அவனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த அன்றிலிருந்து அவனுடைய பயிற்சி மையத்தின் கட்டணம்தான் இந்த வீட்டை நடத்துகிறது. வாரத்துக்கு இருபத்தைந்து மணி நேரப் பயிற்சி, அவள் மருந்துக் கடையில் காலை எட்டு மணியிலிருந்து நின்று சம்பாதிப்பதையும் நீ இங்கே சம்பாதித்ததையும் கூட்டினாலும் எட்டவில்லை, அதனால் போனாய். ஆனால் கட்டணத்தைப் பாதியாக்கும் வழி அன்றைக்கே ஒன்று இருந்தது. வீட்டில் ஒருவர் பன்னிரண்டு வாரம் மையத்தில் பழகிக்கொண்டு, பயிற்சியில் பாதியை வீட்டிலேயே குழந்தையுடன் உட்கார்ந்து நடத்தினால் மீதிக்கு மட்டும் கட்டினால் போதும் என்றார்கள். நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். குறுக்கெழுத்தை முடித்துவிட்டு நாளிதழின் அச்சுப்பிழைகளைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். உன் மனைவி என் நாற்காலியருகே வந்து நின்று, 'அத்தை, நீங்க ஒருத்தர் உக்காந்தா போதும்னு சொல்றாங்க, அவனும் உங்ககிட்டதான் ஒட்டுறான்' என்றாள். நான் சொன்ன பதிலை அவள் உனக்குச் சொல்லியிருக்கமாட்டாள், அவள் வளர்ந்த விதம் அப்படி. 'வேதியியல்ல தங்கப் பதக்கம் வாங்கினவ, சொன்னதைச் செஞ்சா ஒரு திராட்சைன்னு குழந்தைக்கு வித்தை பழக்கிக்கிட்டு உக்காரமாட்டா' என்றேன். உன்னிடம் முட்டி வலி, தரையில் உட்கார முடியாது என்றேன். நீ சரிம்மா என்றாய். என் முட்டிக்கு ஒன்றுமில்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அதற்கு மூன்றாவது வாரம் நீ விமானம் ஏறினாய்.

இது ஒன்று. இதைவிடக் கேவலமானது இன்னொன்று. மையத்தில் சேர்க்கும்போது நிரப்பிய படிவத்தில் எட்டாவது கேள்வி, இரு குடும்பங்களிலும் வேறு யாருக்காவது பேச்சுத் தாமதமோ இதுபோன்ற நிலையோ இருந்ததுண்டா என்பது. உன் மனைவி வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் இருந்தேன். தந்தை வழி என்ற கட்டத்துக்குத் தேர்வுக்கூடத்தில் மேற்பார்வை செய்கிற அதே குரலில் 'இல்லைன்னு எழுது' என்றேன். அவள் தன் பக்கத்தை யோசித்து, மாமா மகன் ஒருவனுக்குச் சின்ன வயதில் திக்குவாய் இருந்தது, அதெல்லாம் எழுத வேண்டாமோ என்று தயங்கினாள். 'எழுது, எதையும் மறைக்கக் கூடாது' என்று சொன்னவள் நான். இதை எழுதும்போது கை கூசுகிறது. அன்றிலிருந்து அந்தப் பெண் யார் கேட்டாலும், 'எங்க பக்கம்தாங்க கொஞ்சம் இருக்கு' என்று தானே முந்திக்கொண்டு சொல்கிறாள். தன் சங்கிலியை விற்றபோது என்னிடம் கேட்கக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் கடைக்குப் போகிறாள், அபராதம் கட்டுகிறவளைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு. ஒரே ஒரு தடவை, சென்ற ஆண்டு, என் தோட்டின் சிவப்புக் கல்லைப் பார்த்து, 'நல்ல கெம்பா அத்தை? ரெண்டு மாசத்துக்காவது வருமா?' என்று கேட்டாள், கேட்ட மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். 'நான் செத்த பிறகு கழட்டிக்கோ' என்றேன். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்காமல் தட்டு வைத்தாள். கிழவிக்கு நகை ஆசை என்று நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன், ஏனென்றால் உண்மையைச் சொன்னால் அது அத்துடன் நிற்காது.

சென்ற வியாழக்கிழமை அவள் கடையில் சரக்குச் சரிபார்ப்பு, வழக்கமாக நடுவே அனுமதி வாங்கி வந்து அவனை மையத்தில் விடுகிறவளுக்கு அன்று அதுவும் கிடையாது, அதனால் நான் முதன்முறையாகக் குழந்தையை மையத்துக்கு அழைத்துப் போனேன். நடைபாதையில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடலாம் என்றிருந்தேன். பயிற்சி தருகிற பெண், இருபத்தைந்து வயதிருக்கும், 'பாட்டி, நீங்க வெளியே நின்னா அவன் கதவையே பாப்பான், உள்ளயே வந்துடுங்க' என்றாள். பாட்டி என்றதை மன்னித்து உள்ளே போனேன். சின்ன அறை, தாழ்ந்த மேசை, இரண்டு குட்டி நாற்காலிகள், அட்டையில் கவ்விய தாளில் கட்டம் போட்டு ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு குறி. அந்தக் கட்டங்களைப் பார்த்ததுமே தண்ணீர் வேண்டும் என்று கேட்டேன், அந்தப் பெண் வெயிலால் வந்த தாகம் என்று எண்ணிக்கொண்டாள். பிறகு அவள் ஒரு படத்தை அவன் முன் வைத்தாள், அவன் தள்ளிவிட்டான், மறுபடி வைத்தாள், அவன் தெளிவாக 'வேண்டாம்' என்றான். நான் எழுதுவதாகச் சொன்ன பதினோராவது சொல் இதுதான். உடனே அவள் படத்தை எடுத்துவிட்டு, 'சூப்பர்! வேண்டாமா, எடுத்தாச்சு' என்று கைதட்டினாள். சொன்ன வேலையைச் செய்யாதவனுக்குக் கைதட்டலா என்று எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டேவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளாமல், 'இல்லாட்டி கடிச்சுத்தான் சொல்வான் பாட்டி. வேண்டாம்னு சொல்ல ஒரு வாய் இருந்தா ஏன் கடிக்கப்போறான்? இதுக்கே மூணு மாசம் ஆச்சு' என்றாள்.

அப்போதுதான் குழந்தை எழுந்து என்னிடம் வந்தான். முகத்தைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்தான். என் கை, நான் சொல்லாமலே, மேசையிலிருந்து ஓர் உலர்திராட்சையை எடுத்தது, தோட்டின் அருகே பிடித்தது, அவன் பார்வை அதில் வந்து நின்ற அதே நொடியில் 'தா' என்றேன், அவன் 'தா' என்றான், கொடுத்தாயிற்று. மூன்று முறை. நிமிர்ந்தால் அந்தப் பெண் பேனாவை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். 'எங்க டிரெய்னிங் எடுத்தீங்க பாட்டி?' என்றாள். எங்கும் இல்லை, இப்போது உன்னைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்றேன். 'விளையாடாதீங்க, இந்த நேரக்கணக்கு கைக்கு வர எங்களுக்கே ஒரு வருஷம் ஆகுது' என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எந்தக் கையை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பயந்து இரண்டு ஆண்டுக்குமுன் உட்கார மறுத்தேனோ, அந்தக் கையை அவள் பார்த்துவிட்டாள்.

மகனே, உனக்கு மூன்றரை வயதானபோது உன்னிடம் ஒரு சொல்கூட இல்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டாய், குழாயடியில் விரலை நீட்டிச் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டு பொழுதெல்லாம் நிற்பாய், அந்த இடத்தைவிட்டுத் தூக்கினால் உன் தலையைச் சுவரில் மோதிக்கொள்வாய். பெரிய மருத்துவமனையில் ஒரு மருத்துவர் உன்னைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, உன் மகனுக்கு இன்றைக்குச் சொல்லியிருக்கிற அதே பெயரைச் சீட்டில் எழுதித் தந்தார். 'இன்னொண்ணு பெத்துக்கோங்க' என்பதுதான் அவர் சொன்ன சிகிச்சை. உன் அப்பாவுக்கும் எனக்கும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது, அவர் போய்ப் பதினோரு ஆண்டாயிற்று, இப்போது எனக்கு மட்டும். நான் டாக்டர் பட்டத்துக்காகக் கல்லூரி ஆசிரியர் வேலையில் இரண்டு ஆண்டு சம்பளமில்லா விடுப்பு எடுத்து அதைப் பாதியில் விட்டவள் என்றுதானே எல்லோரிடமும் சொல்லிவருகிறாய். நான் எந்த ஆராய்ச்சியையும் தொடங்கவே இல்லை. நூலகத்தில் கிடைத்த இரண்டு மூன்று அயல்நாட்டுக் கட்டுரைகளைப் பிரதியெடுத்து வைத்துக்கொண்டு, சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில், அக்கம்பக்கத்துக்கு உன் அழுகை கேட்காமலிருக்கக் கதவைச் சாத்தி, இரண்டு முக்காலிகளைப் போட்டு, ஆய்வகத்து எடைக்குப்பியில் உலர்திராட்சையை நிரப்பி, தினமும் நான்கு மணி நேரம் உன் எதிரே உட்கார்ந்தேன். ரெக்கார்டு நோட்டில் கட்டம் போட்டுக் குறித்தேன். இருநூற்றுப் பதினான்காம் நாள் 'தா' என்றாய். நல்லது மட்டும் செய்தேன் என்று நினைத்துவிடாதே, உன் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பியிருக்கிறேன், அழ அழ நிறுத்தாமல் நடத்தியிருக்கிறேன், கண்ணைப் பார் என்றால் உனக்குச் சூடு பட்டதுபோலிருக்கும், அது தெரிந்தும் பல நாள் விடவில்லை. அதற்குப் பிறகு ஒரு வழி கிடைத்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஒரு வருடம் தாமதமாகப் பள்ளியில் சேர்த்தபோது அம்மை போட்டிருந்தது என்று சொன்னோம்.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். முதலில் அவமானமாக இருந்தது. பிறகு நீ நன்றாகப் படித்தாய், சொல்லிக் கெடுப்பானேன் என்றிருந்தது. கல்யாணப் பேச்சு வந்தபோது அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. உன் மகனுக்கு அதே பெயரைச் சொன்ன அன்றாவது சொல்லியிருக்கலாம், படிவத்தில் இல்லை என்று எழுதவைத்தேன். இதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது, மாணவி ஒருத்தி இப்படி எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்.

வரும் திங்கட்கிழமை முதல் பன்னிரண்டு வாரத்துக்கு மையத்தில் பெயர் கொடுத்துவிட்டேன். ஜூன் மாதத்திலிருந்து பாதிக் கட்டணம்தான், நீ வந்து இங்கே கிடைக்கிற வேலையைப் பார்த்தாலும் போதும். இந்தக் கடிதத்தை உறையில் ஒட்டாமல் உன் மனைவியிடம் கொடுத்து, படித்துவிட்டு நீயே ஒட்டி அனுப்பு என்று சொல்லப்போகிறேன். முதலில் உனக்குத் தெரிய வேண்டியதுதான் இது, ஆனால் இதற்காக நின்றுகொண்டே சம்பாதித்தவள் அவள். அவள் என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன், ஒன்றும் சொல்லாவிட்டால்தான் கஷ்டம். எட்டாவது கேள்வியின் பதிலைத் திருத்திக் கொடுக்க நினைக்கிறேன், அது உன்னைப் பற்றியது என்பதால் உன் பதில் வரும்வரை காத்திருப்பேன். எனக்காகச் சரி என்று சொல்லாதே.

நேற்று அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். நான் உனக்குக் கற்றுக்கொடுத்த நூற்றெழுபது சொற்கள் வரிசை எண்ணுடன் இருக்கின்றன. 'சரி' ஒன்பதாவது. 'வேண்டாம்' எங்கேயும் இல்லை, இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன். எனக்கு அது தேவைப்படவில்லை போலும்.

நீ உடம்பைப் பார்த்துக்கொண்டு நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், உன் பிள்ளைக்குச் சொற்கள் பெருக வேண்டும், உன் மனைவியின் தலை நிமிர வேண்டும். மறவாதே, இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை. மேலாளர் தாளை நீட்டினால் அவர் காதைப் பார்த்து அந்த ஒரு சொல்லைச் சொல். உன் மகன் மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டான், உனக்குப் பதினோரு நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு. அந்தத் தோட்டில் இருப்பது கெம்பு அல்ல, கண்ணாடி. பேருந்து நிலையத் தள்ளுவண்டியில் வாங்கினேன். கண்ணைப் பார்க்க உன்னால் முடியவில்லை, ஜன்னல் என் இடப்பக்கம் இருந்தது, வெளிச்சத்தில் அந்தக் கல் பளிச்சென்றது, நீ அதைப் பார்த்தாய். எதிரே இருப்பவருக்கு நீ முகத்தைப் பார்த்துப் பேசுகிற மாதிரியே இருக்கும், பள்ளி நேர்காணலில் அது போதுமானதாக இருந்தது. முப்பத்தேழு ஆண்டாயிற்று. இதைக் கழற்றிவிட்டால் நீ எங்கே பார்த்து என்னிடம் பேசுவாய் என்றுதான் கழற்றவில்லை.